கார்ட் வண்டிக்கு உபயகாரர் பிடிப்பது எப்படி?

கோயில் திருவிழா நோட்டீஸ் வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கொடியேற்றம் இன்னார் உபயம், வேட்டைத் திருவிழா இன்னார் குடும்பம், தேர் இந்தச் சங்கம் என்று வரிசையாக இருக்கும். போன வருடம் எடுத்தவர் இந்த வருடம் ஏன் இல்லை என்பதை அம்மா நோட்டீஸைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதனால் 'அனுசரணை' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தலைக்குள் வருவது அந்த நோட்டீஸ்தான். காசு உள்ளவர் தருவார், நாங்கள் பெயர் போடுவோம்.

என் அக்கா மகனும் அப்படித்தான் நினைத்தான். அவனும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து, கொழும்புப் பக்கம் ஒருவர் ஓடிக் கைவிட்ட பழைய கார்ட் பந்தய வண்டி ஒன்றை வாங்கி, பட்டா லொறியில் ஏற்றி வந்து திருகோணமலையில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார்கள். "மாமா, கழகத்துக்கெல்லாம் கடிதம் எழுதுறவர் நீங்கதானே, எங்களுக்கும் ஒண்டு எழுதித் தாங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன். "வளர்ந்துவரும் இளம் வீரர்களை ஊக்குவிக்கும் முகமாகத் தங்களது மேலான ஒத்துழைப்பை எதிர்பார்த்து நிற்கின்றோம்" என்று முடியும் கடிதம். இருபது வருடமாக அதே வசனத்தைத்தான் உதைபந்தாட்டத்துக்கும் எழுதுகிறேன்.

கடிதத்தோடு போன முதல் இடம் ஒரு ஹார்ட்வெயார் கடை. முதலாளி முதல் வரியை வாசித்தார், கடிதத்தை நான்காக மடித்தார், லாச்சியைத் திறந்து ஒரு ஆயிரம் ரூபாத் தாளை எடுத்தார். "ரசீதுப் புத்தகம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். பையன்கள் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்கள். எனக்கென்றால் அவர் மேல் கோபம் வரவில்லை. நாங்கள் நன்கொடை கேட்கும் கடிதத்தைக் கொடுத்தோம், அவர் நன்கொடை தந்தார்.

இந்தக் கட்டுரை அந்த ஆயிரம் ரூபாவுக்குப் பிறகு நாங்கள் படித்துக்கொண்டது. கார்ட்டும் தெரியாது, அனுசரணையும் தெரியாது என்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வண்டி. கார்ட் என்பது இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த ஒரு சட்டகம்; நான்கு சின்னச் சில்லு, ஓர் இருக்கை, பக்கத்தில் ஓர் எஞ்சின், அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு சங்கிலி. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்கான சின்ன எஞ்சினைப் பூட்டிச் செய்ததைத்தான் முதல் கார்ட் என்பார்கள். ஃபோர்முலா வன் கார்ப் பந்தயத்தின் சாம்பியன்களான செனாவும் ஷூமாக்கரும் ஹாமில்டனும் தொடங்கியது இதில்தான். குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது. டிஃபரென்ஷியலும் கிடையாது, அதாவது பின்சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுகி ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் உள்பக்கச் சில்லுக்குக் குறைந்த தூரம், வெளிப்பக்கச் சில்லுக்குக் கூடிய தூரம் என்பதால், உள்பக்கப் பின்சில்லு நிலத்தை விட்டு ஒரு மயிரிழை எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். எழும்பாவிட்டால் டயர் தார் மேல் உரசிக்கொண்டே போகும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், காசு போகும் வழி அதுதான். கார்ட் டயர் மென்மையான றப்பர். தேய்வதற்கென்றே செய்தது போல இருக்கும். வண்டி வாங்கிய விலை ஒரு முறையோடு சரி. டயர், சங்கிலி, பிரேக் பாட், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால் பெட்றோலோடு கலக்கும் ஒயில், குறித்த மணித்தியாலம் ஓடியதும் பிரித்துப் பார்க்க வேண்டிய பிஸ்டன் என்று பிறகு வருபவைதான் ஆளை விழுத்தும். லூயிஸ் ஹாமில்டனின் தகப்பன் மகனுடைய கார்ட் செலவைச் சமாளிக்க ஒரே காலத்தில் பல வேலைகள் பார்த்தவர். 1998இல் ஃபோர்முலா வன் குழுவான மக்லாரன் அந்தப் பையனைத் தன் பயிற்சித் திட்டத்துக்குள் எடுத்த பிறகுதான் அந்த வீட்டுக்கு மூச்சு வந்தது. எங்கள் ஆட்கள் என்று பார்த்தால், கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனபோது அவருக்குப் பின்னால் டாட்டா இருந்தது. திறமை இல்லாமல் அங்கே போக முடியாது. காசு இல்லாமலும் முடியாது.

எங்களுக்கு இன்னொரு செலவும் உண்டு: தூரம். கார்ட் தடம் என்றதும் இலங்கையில் முதலில் வாயில் வருகிற பெயர் பண்டாரகமை. இங்கிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இறங்கி, கொழும்பையும் தாண்டிப் போக வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். கொழும்புப் பையன் காலையில் எழும்பிப் போய் ஓடிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். எங்கள் பையன்கள் முதல் நாளே லொறி பிடித்து, தங்க இடம் பிடித்து, மறுநாள் இரவு முழுக்கப் பயணம் செய்து வர வேண்டும்.

சரி, இனி அனுசரணைக்கு வருவோம்.

நன்கொடை, உபயம், அனுசரணை

மூன்றும் வேறு. நன்கொடை கொடுப்பவர் திரும்ப எதையும் எதிர்பார்ப்பதில்லை. கொடுத்ததும் மறந்துவிடுவார், மறப்பதற்குத் தோதாகச் சின்னத் தொகையாகவே கொடுப்பார். உபயம் அதற்கு ஒரு படி மேல். உபயகாரருக்குப் புண்ணியம் உண்டு, நோட்டீஸில் பெயர் உண்டு, பூசை முடிந்ததும் காளாஞ்சி உண்டு, ஊருக்குள் ஒரு மதிப்பும் உண்டு. அனுசரணை என்பது வியாபாரம். காசு தருபவர் அதைத் தன் கடையின் விளம்பரச் செலவில் எழுதுகிறார். அதே காசுக்குப் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருக்கலாம், சந்தியில் பதாகை கட்டியிருக்கலாம், முகநூலில் போட்டிருக்கலாம். அவற்றை விட உங்களிடம் தருவதில் என்ன இலாபம் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் அது அனுசரணை. பதில் இல்லாவிட்டால் அது நன்கொடை, ரசீதுப் புத்தகம் கொண்டுபோங்கள்.

ஃபோர்முலா வன்னில் இந்த வியாபாரம் பெரிய அளவில் தொடங்கிய வருடம் 1968. அதற்கு முன் ஃபோர்முலா வன் வண்டிகள் நாட்டின் நிறத்தில்தான் ஓடின: பிரிட்டனுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். அந்த வருடம் விதி தளர்ந்ததும் லோட்டஸ் குழு தன் பச்சையைக் கழற்றிவிட்டு கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறத்துக்கு மாறியது. எங்கள் பெட்டிக்கடைகளுக்கும் தெரிந்த பெயர்தான். அந்த நிறத்தில் கிரஹம் ஹில் அதே வருடம் ஸ்பெயின் பந்தயத்தையும் வென்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பையன்கள் கேட்ட முதல் யோசனையே அதுதான். இலங்கையில் சிகரெட் கொம்பனியிடமோ பியர், சாராயக் கொம்பனியிடமோ போக முடியாது. புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம், விளம்பரத்தையும் அனுசரணையையும் சேர்த்தே தடுக்கிறது. உலகத்தில் பந்தய அனுசரணை சிகரெட்டோடு வளர்ந்தது; எங்களுக்கு அந்தக் கதவு பூட்டு. நல்லதுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். பதினாறு வயதுப் பையனின் நெஞ்சில் அந்தப் பெயர் வேண்டாம்.

எங்களிடம் விற்க என்ன இருக்கிறது?

இந்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். நாங்களும் சறுக்கினோம்.

பையன்கள் இரண்டாவது முறை தயாரித்த தாளில் கார்ட்டின் படம் இருந்தது. முன் பலகையில் இவ்வளவு, பக்கவாட்டில் இவ்வளவு, ஓட்டுநரின் நெஞ்சில் இவ்வளவு என்று ஸ்டிக்கர் இடங்களுக்கு விலை போட்டிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பண்டாரகமையில் பந்தயம் பார்க்க வந்து நிற்கிற ஆள், அந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் திருகோணமலைக்கு வந்து சீமெந்துப் பை வாங்குவாரா?

ஸ்டிக்கருக்குத் தானாக ஒரு பெறுமதி கிடையாது. யார் கண்ணில் படுகிறது, அந்தக் கண்ணுக்குரியவர் அந்தக் கடையில் காசு செலவழிக்கக்கூடியவரா என்பதில்தான் பெறுமதி இருக்கிறது. ஒரே ஸ்டிக்கர், ஒரே இடம், ஆனால் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அதன் விலை வேறு.

ஹார்ட்வெயார் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாடிக்கையாளர் எல்லாம் உவர்மலை, லிங்கநகர், பாலையூற்று, சாம்பல்தீவு, தள்ளிப் போனால் தம்பலகாமம். இவர்களில் ஒருவர்கூடப் பண்டாரகமையில் நிற்கப் போவதில்லை. தடத்தில் ஒட்டும் ஸ்டிக்கர் அவருக்குச் சுத்தமாகப் பயனில்லை.

இப்போது நிலாவெளியில் பதினைந்து அறையுள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளூர் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்? கொழும்பில், அதைச் சுற்றிய ஊர்களில். வார இறுதிக்கு வாகனம் எடுத்துக்கொண்டு கடலுக்கு வருகிற, கையில் கொஞ்சம் காசு புழங்குகிற குடும்பம். கார்ட் பந்தயம் பார்க்க வருவதும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஹார்ட்வெயார்காரருக்குப் பயனில்லாத அதே ஸ்டிக்கர் விடுதிக்காரருக்கு நல்ல சாமான். எங்கள் கடற்கரைக்கு ஆட்கள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. ஆகவே மார்ச், ஏப்ரலில் ஓடும் பந்தயச் சுற்றுக்கு அவரிடம் போனால் பேச்சு எடுபடும். நவம்பரில், மாரி மழையில் அறையெல்லாம் பூட்டிக் கிடக்கும்போது போனால் தேத்தண்ணி மட்டும் கிடைக்கும்.

அப்ப ஹார்ட்வெயார்காரரை விட்டுவிடுவதா? இல்லை. அவருக்கு விற்க வேண்டியது வேறு. பந்தயம் ஓடுவது வருடத்தில் சில நாட்கள். மிச்ச நாளெல்லாம் வண்டி திருகோணமலையில்தான் நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்பதுதான் சாமான். இதை எங்களுக்குச் சொல்லித் தந்தது நானில்லை, ஒரு டயர் கடை நானா.

அவருடைய கடை அநுராதபுரச் சந்திப் பக்கம்; ஆள் கிண்ணியா. அக்கா மகன் கடிதத்துக்குப் பதிலாகத் தேய்ந்த கார்ட் டயர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். அது அவனுடைய யோசனை, பாராட்ட வேண்டும். நானா கடிதம் என்றால் வாசித்திருக்க மாட்டார். டயரைக் கண்டதும் கையை நீட்டி வாங்கிவிட்டார். பெருவிரலால் அமத்திப் பார்த்தார், ஓரத்தில் மணல் ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார், மூக்கருகில் பிடித்து மணந்தும் பார்த்தார்.

"அஞ்சு இஞ்சி ரிம்மா? இதுக்கு என்னட்டச் சாமான் இல்லையே தம்பி."

"டயர் வேணாம் நானா. உங்கட கடைப் பேரை வண்டியில போடத்தான் கேட்டு வந்தம்."

"வண்டி எங்க ஓடும்?"

"பண்டாரகமையில."

"அங்க ஓடுறதை இங்க ஆர் பாக்கிறது?" கொஞ்ச நேரம் டயரை உருட்டிக்கொண்டிருந்தார். "சும்மா நிக்கிற நாளையில என்ட கடை வாசல்ல கொண்டுவந்து வைக்க ஏலுமா?"

வைத்தோம். ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து. எஞ்சின் போடவில்லை. கார்ட் தெருவில் ஓடுகிற வாகனம் அல்ல, பொது வீதியில் ஓட்டிக் காட்டினால் பொலிசுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சும்மா நிறுத்தி, பக்கத்தில் தலைக்கவசத்தை வைத்தோம், அவ்வளவுதான். முதலில் ஓட்டோக்காரர்கள் வந்தார்கள். பிறகு டியூஷன் விட்ட பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையையும் இருக்கையில் இருத்திப் படம் எடுக்கத் தகப்பன்மார் வரிசையில் நின்றார்கள். அந்தத் தகப்பன்மாருக்கெல்லாம் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ உண்டு, அதற்கு டயர் வேண்டும். மருமகனின் கூட்டாளி ஒருவன் கொப்பியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான்; மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுபதைத் தாண்டிவிட்டது. நானா அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் கடை பூட்டும்போது, "அடுத்த ஓட்டத்துக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

ஸ்டிக்கர் பண்டாரகமையில் இருக்கட்டும். அவர் காசு கொடுத்தது அந்தச் சனிக்கிழமைக்கு.

இதே முறையில் மற்ற வியாபாரங்களையும் யோசித்துப் பார்க்கலாம். கணினி, பொறியியல் படிப்பிக்கிற ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு வண்டியின் ஸ்டிக்கர் வேண்டாம். பிள்ளைகள் முன்னால் சங்கிலியையும் பற்சில்லையும் காட்டி, பற்களின் எண்ணிக்கை மாறினால் வேகம் எப்படி மாறும் என்று விளக்கும் ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒரு ரெஸ்டோரண்டுக்குப் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டாளிகள் இருபது பேர் கூடியிருந்து கைத்தொலைபேசியில் நேரலை பார்க்கிற மேசை வேண்டும். ஒவ்வொருவரிடமும் போக முன், அவருடைய கடை வாசலில் அரை மணித்தியாலம் நின்று யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பாருங்கள். எந்தக் கடிதத்தையும் விட அது நல்ல தயாரிப்பு.

காசு மட்டும்தான் அனுசரணையா?

இல்லை. எங்கள் ஊரில் காசாக வாங்குவதுதான் ஆகக் கஷ்டமானது. பொருளாகவும் சேவையாகவும் தர மனமுள்ளவர்கள் நிறையப் பேர். ஒரு கணக்குப் போடுவோம். விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் இவை கணக்குக் காட்டுவதற்காக நான் போட்ட எண்கள் மட்டும். உங்கள் சீட்டுகளைப் பார்த்து உங்கள் எண்களைப் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 100,000 ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லொறி 35,000, தங்குமிடம் 15,000, டயரில் ஒரு பங்கு 20,000, நுழைவுக் கட்டணமும் பெட்றோலும் 20,000, சில்லறைப் பாகங்கள் 10,000.

கொழும்புக்குக் கருவாடோ மரக்கறியோ ஏற்றுகிற லொறிக்காரர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது இடம் மிச்சம் இருக்கும். கார்ட் எழுபது எண்பது கிலோதான். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். அவர் அந்த இடத்தைத் தந்தால் 35,000 கடதாசியிலிருந்து போய்விடும். நிலாவெளி விடுதிக்காரர் காசு தர யோசிப்பார், ஆனால் ஆட்கள் குறைந்த கிழமையில் இரண்டு இரவு அறை தருவது அவருக்குப் பாரமில்லை. அந்த அறையைப் பண்டாரகமைப் பக்கத்தில் எங்களைத் தங்க வைக்கும் மெக்கானிக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம்: அவர்கள் வீட்டில் நாங்கள், எங்கள் கடலில் அவர்கள். 15,000உம் போய்விட்டது. இப்போது காசாகத் தேட வேண்டியது பாதிதான், 50,000. அந்த 50,000ஐ நான்கு பேரிடம் கேட்பது, ஒருவரிடம் ஒரு இலட்சம் கேட்பதை விட எவ்வளவோ சுகம்.

பொருளாகத் தருபவரையும் காசு தருபவரைப் போலவே நடத்த வேண்டும், அவருக்கும் வண்டியில் பெயர் வேண்டும். "லொறி தந்தவர்தானே" என்று நினைத்து அவருடைய ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டினால், அடுத்த முறை லொறியில் இடம் இருக்காது.

இன்னொரு சிக்கல்: ஒரே வியாபாரத்தில் இருவரை எடுக்காதீர்கள். இரண்டு நகைக்கடைக்காரர்களின் பெயரை ஒரே வண்டியில் போட்டுவிட்டு இந்தச் சின்ன ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. முதலில் வந்தவருக்கு, "உங்கள் துறையில் வேறு யாரையும் எடுக்க மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தால் அதற்கே கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். அப்புறம், போட்டி ஏற்பாட்டாளர்களின் விதிகளையும் வாசியுங்கள். இலக்கம் போடும் இடமும், அவர்களுடைய சொந்த அனுசரணையாளருக்கான இடமும் பெரும்பாலும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். விற்ற இடத்தைப் பந்தயத்தன்று மறைக்கச் சொன்னால் யாருக்கு என்ன பதில் சொல்வது? தலைக்கவசத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவதென்றால் அதைச் செய்த கொம்பனி என்ன சொல்கிறது என்று பாருங்கள். சில பசைகளும் பெயின்ட்டும் கவசத்தின் வெளிக்கூட்டைப் பழுதாக்கிவிடும்.

தாளும் கையெழுத்தும்

இதில் நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எந்த மாதம் எங்கே ஓடுகிறீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும், அவருக்கு என்ன கிடைக்கும், அது நடந்ததா என்பதை அவர் எப்படி அறிவார். ஒரு நல்ல படம். உள்ளூர்க் கடைக்குத் தமிழில், கொழும்புக்கு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ. "இலங்கையின் அடுத்த சாம்பியன்" என்றெல்லாம் எழுத வேண்டாம். போன சுற்றில் பத்தாவதாக வந்தால் பத்தாவது என்றே எழுதுங்கள். முதலாளிமாருக்குக் கணக்கு வாசிக்கத் தெரியும்.

வங்கி, லீசிங் கொம்பனி என்று பெரிய இடங்களுக்குப் போவதாக இருந்தால், இங்குள்ள கிளை முகாமையாளர் நல்ல மனிதராக இருப்பார், ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. கொழும்பில் உள்ள சந்தைப்படுத்தல் பிரிவு வருடத்துக்கான காசை முன்கூட்டியே பிரித்துவிடும். கணக்கு வருடம் ஜனவரியில் தொடங்கும் இடத்துக்கு ஒக்டோபரிலும், ஏப்ரலில் தொடங்கும் இடத்துக்குத் தைப்பொங்கலோடும் போக வேண்டும். நாங்கள் ஒரு பெரிய இடத்துக்கு ஜூன் மாதம் அனுப்பினோம். மூன்று மின்னஞ்சல், நான்கு தொலைபேசி அழைப்பு, ஒரு "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்". இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காசு தருபவர் யாராக இருந்தாலும் ஒரு தனிப் பையனின் கணக்கில் போட யோசிப்பார். பிரதேச செயலகத்தில் விளையாட்டுக் கழகமாகப் பதிந்து, கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, தலைவர், செயலாளர், பொருளாளரில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்கலாம் என்று வையுங்கள். பற்றுச்சீட்டு கொடுங்கள். ஓட்டுநர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டும். எந்த முதலாளிக்கும் மனதுக்குள் இருக்கிற பயம், தன் கடைப் பெயர் போட்ட வண்டி உருண்ட படம் ஊர் முழுக்கச் சுற்றுமோ என்பதுதான். அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் தலைக்கவசம், கழுத்துக் கவசம், விலாக் கவசம் எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் வைத்துக் காட்டுங்கள். ஒல்லாந்தர் குடாக் கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிளில் ஒற்றைச் சில்லில் ஓடிய வீடியோ ஏதும் உங்கள் முகநூலில் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். அவர்கள் தேடிப் பார்ப்பார்கள்.

ஒரு சின்ன உடன்படிக்கை எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அதில் ஒரு வரியை மறக்க வேண்டாம்: பந்தயம் நடக்காவிட்டால் என்ன செய்வது? 2020இல் கொரோனாவும், 2022இல் பெட்றோல் வரிசையும் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பெட்றோல் வாங்கிய காலத்தில் பந்தயத்துக்குப் பெட்றோல் கேட்டுப் போயிருந்தால் அடித்திருப்பார்கள். ஓட்டம் நின்றால் காசு திருப்பித் தரப்படுமா, அடுத்த சுற்றுக்கு மாறுமா, அல்லது அதற்குப் பதிலாகக் கடை வாசலில் இரண்டு சனிக்கிழமை வண்டி நிற்குமா என்பதை முதலே பேசிவிட்டால் பிறகு முகம் சுளிக்கத் தேவையில்லை.

கடைசியாக, பந்தயம் முடிந்த பிறகு. திருவிழா முடிந்ததும் உபயகாரர் வீட்டுக்குக் காளாஞ்சி கொண்டுபோய்க் கொடுப்போம் அல்லவா? பெரும்பாலான குழுக்கள் இந்த வேலையை மறந்துவிடுகின்றன. காசு வாங்கும் வரை தினமும் வந்த பையன்கள், ஓட்டம் முடிந்ததும் காணாமல் போய்விடுவார்கள். அடுத்த வருடம் அதே கடைப் படியேறும்போது கால் கூசும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, இரண்டு நாளுக்குள், அவருடைய கடைப் பெயர் தெளிவாகத் தெரிகிற இரண்டு படம், எத்தனையாவது இடம், என்ன நடந்தது, கடை வாசலில் வைத்த அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று அரைப் பக்கம். தோற்றாலும் அனுப்ப வேண்டும். தோற்றால் கட்டாயம் அனுப்ப வேண்டும்.

எங்கள் பையன்களின் முதல் பந்தயத்தில், கடைசிக்கு முந்தின சுற்றில் சங்கிலி கழன்றுவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். இரவு முழுக்க லொறியில் வந்து, காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை இறக்கிவிட்டு, குளிக்கக்கூட இல்லை, மருமகன் டயர் கடை நானாவுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினான். வளைவில் எடுத்த நல்ல படம், முன்சில்லு திரும்பியிருந்தது. கீழே நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தான்.

ஒன்பது மணிக்குப் பதில் வந்தது, குரல் பதிவாக. பின்னால் டயர் கழற்றுகிற காற்றுத் துப்பாக்கிச் சத்தம்.

"சங்கிலி கிடக்கட்டும் தம்பி, அது மாட்டலாம். அடுத்த முறை பேரைக் கொஞ்சம் மேல தள்ளி ஒட்டுங்க. முதல் எழுத்தைச் சில்லு மறைக்குது."